உறுதி உம்மாவின் பெயரில்

கடன் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஓய்வுபெற்றுப் போன என்னையும் நீங்கள் நிம்மதியாக இருக்க விடுகிறீர்கள் இல்லை. போன கிழமை உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "மிஸ், வரலாறு படிக்கணும், சமூகவியல் படிக்கணும் எண்டு கடனுக்கு வாறாங்க. கணினியில பாடத்தின்ட பேரைப் போட்டா சிவப்பு விழுது. என்ன செய்ற?"

பட்டம் முடித்ததும் கிடைக்கக்கூடிய சம்பளத்தையும் மாதத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அந்தத் திரை எனக்கும் தெரியும். மருத்துவத் தாதி என்றால் பச்சை, கணக்கியல் என்றால் பச்சை, கலைப் பட்டம் என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லவும் பயமாக இருந்தது. ஏனென்றால் சிவப்பைப் பச்சையாக்கியவள் நான். அதை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

முதலில் ஒன்று. பச்சை விழுந்தவர்கள் எல்லாரும் ஒழுங்காகக் கட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கணினிப் பட்டத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஒரு பையன், முதல் வருடத்திலேயே படிப்பை விட்டுவிட்டு அறுகம்பேயில் வெள்ளைக்காரருக்கு அலையில் சறுக்கப் பழக்கப் போய்விட்டான். அவனுடைய வாப்பா என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதார். அந்தப் பையன்தான் தவணைக் காலம் முடிவதற்கு முன்பே வந்து முழுக் கடனையும் கட்டினான், தலைமுடியில் உப்போடு. எந்தக் கணினிக்கும் அவனைத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான்.

இனி என்னைப் பற்றி. கிளையில் என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்வது எனக்குத் தெரியும். சரி, இருக்கட்டும். பத்தொன்பது வயதில் எனக்கு இரண்டு கடிதங்கள் ஒரே மாதத்தில் வந்தன. ஒன்று மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் வரலாறு படிக்க இடம். மற்றது இந்த வங்கியில் எழுதுவினைஞர் வேலை. அரச பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லைதான். ஆனாலும் நான்கு வருடம் விடுதி, சாப்பாடு, பயணம், உடுப்பு. அந்த நான்கு வருடமும் சம்பளம் இல்லை. வாப்பா சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். வீட்டில் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பாடசாலைக் கொப்பியின் கடைசித் தாளில் நானே கணக்குப் பார்த்தேன். கணக்கு மிகச் சரியாக வந்தது. வங்கிக்குப் போனேன்.

இன்றைக்கு அதைத் திரும்பப் பார்த்தாலும் ஒரு பிழையும் பிடிக்கமுடியாது. ஆனாலும் பல்கலைக்கழகம் தொடங்குகிற மாதத்தில், பெட்டியும் தலையணையுமாகப் பிள்ளைகள் கல்முனை பஸ் நிலையத்தில் நிற்கிற நாட்களில், நான் வேறு வழியால்தான் வேலைக்கு வருவேன். முப்பது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான் வந்தேன். எனக்கு அந்த இடம் வேண்டும்போல இருந்தது. குளிரில் நடந்து நூலகத்துக்குப் போகவேண்டும்போல இருந்தது. திருமணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, அதிகாரியாகப் பதவி உயர்ந்த பிறகும் அது போகவில்லை.

வங்கிக்கு வருகிறவர் மனதை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். அது வீட்டில் இருக்காது, கூடவே வரும். எந்தக் கதிரையில் வந்து குந்தியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நான் பார்க்கத் தவறிய நாள், நுஸ்ரத் என்ற பிள்ளை வந்த நாள். சாய்ந்தமருதுப் பிள்ளை. உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவு. பல்கலைக்கழக இடம் மயிரிழையில் தவறிவிட்டது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று வருடத்தில் வரலாறும் சமூகவியலும் சேர்ந்த வெளிநாட்டுப் பட்டம் ஒன்றைப் படிக்கக் கேட்டாள். வாப்பா கட்டாரில் சாரதி. வட்டியில்லாப் பிரிவில் நாங்கள் கட்டணத்தைச் செலுத்தி, எங்கள் இலாபத்தைச் சேர்த்துத் தவணையாக வாங்குகிற ஏற்பாடு. பிணைக்கு வீடு.

படிவத்தைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "படிச்சு முடிச்சு என்ன வேல செய்யப் போற?"

"தெரியாது மிஸ்" என்றாள்.

இந்தப் பதிலை எந்தப் பிள்ளையும் வங்கியில் சொல்வதில்லை. எல்லாரும் ஏதோ ஒரு பதவியின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டுதான் வருவார்கள். நான் பேனையை வைத்துவிட்டேன்.

"அப்ப என்னத்துக்குப் படிக்கிற?"

"மிஸ், நம்மட ஊர்ல ஊடு பொம்புளப் புள்ளைக்குத்தானே. மாப்புளதான் பொண்ணுட ஊட்ட வந்து இரிக்கார். காலி, கண்டிப் பக்கத்து முஸ்லிம் ஆக்கள்ட அப்படி இல்லையாம். ஒரே மார்க்கம், ஒரே பாஷை. பொறகு ஏன் இஞ்ச மட்டும் இப்படி? உஸ்தாத்மார்ட்ட கேட்டன், டீச்சர்மார்ட்ட கேட்டன். எல்லாரும் 'அது அப்படித்தான்' எண்டு செல்றாங்க. எனக்கு அது எப்படி வந்த எண்டு தெரியணும்."

வெளியூரிலிருந்து வந்தவர்களும் உங்களில் இருப்பதால் சொல்கிறேன். அவள் சொன்னது உண்மை. இந்தக் கரையில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். குடி என்கிற வம்சப் பிரிவும் தாய் வழியில்தான். ஆண்கள் உழைத்துக் கட்டுவார்கள், உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், பெண்ணின் பெயரில் இருக்கும். அதனால் ஈட்டுக்கு வருகிற வீடுகளில் பெரும்பாலானவை யாரோ ஓர் உம்மாவுடையவை. நுஸ்ரத்துடைய வாப்பா கட்டாரிலிருந்து சம்மதம் அனுப்பியிருந்தார், படிவத்தில் எல்லா இடத்திலும் அவர் பெயரே இருந்தது. வீடு மட்டும் அவருடைய மனைவி ஹம்ஸியாவுடையது. பிறகு அது நுஸ்ரத்துக்கு வரவேண்டியது. ஒரே பிள்ளை.

அதாவது, எந்த வீட்டைப் பற்றிய கேள்வி அவளுக்குத் தொண்டையில் சிக்கியிருந்ததோ, அந்த வீட்டையே வைத்துத்தான் அதைப் படிக்கப் போக வந்திருந்தாள். நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை என்னைவிட முப்பது வயதுக்கு மேல் குறைந்த பிள்ளை கேட்கிறாளே என்று ஒரு சந்தோசம், ஒரு பொறாமை.

விதிப்படி, எதிர்பார்க்கும் வருமானத்தில் அந்தப் பட்டத்துக்குக் கிடைக்கிற ஆகக் குறைந்த சம்பளத்தைப் போடவேண்டும். நான் ஆகக் கூடியதைப் போட்டேன். பொய் இல்லை, அப்படிச் சம்பளம் வாங்குகிறவர்கள் எங்கோ இருக்கத்தான் செய்தார்கள். வாப்பாவின் கட்டார் வேலை நிரந்தரம் என்று எழுதினேன். பாலைவனத்தில் எந்தச் சாரதிக்கு நிரந்தரம்? திரை பச்சையானது. பக்கத்தில் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் செலவு குறைந்த வெளிவாரிப் பட்டம் ஒன்று இருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்ற ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொல்லவேயில்லை. எனக்கு அவள் தூரப் போகவேண்டும். விடுதியில் இருக்கவேண்டும்.

வீட்டு உரிமையாளரைத் தனியே இருத்திப் பேசவேண்டும் என்பதும் விதிதான். ஹம்ஸியா ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கிளை மூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வந்தார். கதிரை போடவில்லை. கவுண்டரில் நிற்க வைத்தே பேனையைக் கொடுத்தேன்.

"வட்டி இல்லத்தானே மிஸ்?"

"இல்ல."

"கட்டேலாமப் போனா ஊடு யாருக்கு?"

"அப்படியெல்லாம் வராது தங்கச்சி. புள்ள படிச்சு நல்ல நெலமைக்கு வருவா, இன்ஷா அல்லாஹ்" என்றேன். கேள்விக்குப் பதில் அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆறுதலாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல எழுத்து எழுத்தாகக் கையெழுத்து வைத்தார்.

இரண்டு வருடம் ஒழுங்காகப் போனது. பிறகு கொரோனா வந்தது. வாப்பா வேலை போய், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். மூன்றாம் வருடத்துக்குக் கட்டவேண்டிய கட்டணத்தில் குடும்பத்தின் பங்கும் இருந்தது, அது கட்டப்படவில்லை. நுஸ்ரத் படிப்பை நிறுத்தினாள். தவணைகளும் நின்றன. அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி வீட்டு உறுதியைப் பார்க்கக் கேட்டார்கள். உறுதி எங்கள் பெட்டகத்தில். பேச்சு அதோடு நின்றது.

ஏலத்துக்கு முந்திய இறுதி அறிவித்தல் என் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தது. அதை அனுப்புவதற்கு முன்னால் வீட்டுக்குப் போனேன். கடலிலிருந்து இரண்டாம் தெரு. மகளுடைய கலியாணத்துக்கென்று முன்பக்கத்தில் ஓர் அறை தொடங்கிப் பாதியில் நின்றிருந்தது, தூண்களில் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருந்தது. வாப்பா வாடகை ஓட்டோ ஒன்றை எடுத்து ஓடப் போயிருந்தார். ஹம்ஸியா பிளேன்டி ஊற்றித் தந்தார். நான் சட்டப்படி சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னேன்.

கடைசியில் சொன்னார்: "அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு மிஸ். என்ட புள்ளய விட ஒங்களுக்குத்தான் போக ஆசையா இரிந்த."

பொய் சொல்ல வழியில்லை. "ஓம்" என்றேன்.

"நீங்க படிக்கல்லையா?"

"எடம் கெடச்சது. போகல்ல."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"விளங்கிட்டு எண்டா, பொறகு ஏன் தங்கச்சி கையெழுத்து வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார்.

நான் கிளைக்குத் திரும்பி அந்த அறிவித்தலில் கையெழுத்து வைக்கவில்லை. பிராந்திய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வருமானத்தைக் கூட்டிப் போட்டது நான், வாப்பாவின் வேலையை நிரந்தரம் என்று எழுதியது நான், வீட்டு உரிமையாளருடன் முறையாகப் பேசாதது நான், ஆகவே தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள் என்று. எழுதி முடித்து அனுப்புவதற்கு முன்னால் மூன்று தரம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். வருத்தப்பட்டு எழுதிய கடிதம் இல்லை அது. பிழை யார் பக்கம் என்று எழுதாவிட்டால் நீட்டித் தரமாட்டார்கள், வீடு போய்விடும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நீட்டித் தந்தார்கள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. முகாமையாளர் பதவிக்கு என் பெயர் அதன்பிறகு போகவேயில்லை. சிடுமூஞ்சியாகவே ஓய்வுபெற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நுஸ்ரத் கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியில் பதில் சொல்கிற வேலைக்குப் போனாள். நாடு எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்திலும் அவளுடைய தவணை தவறவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்தப் பெயரைத் திரையில் காணும்போது எனக்குள் ஏதோ கீறும். நூலகத்தில் இருக்கவேண்டிய பிள்ளை, யாருடையதோ மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் எவ்வளவு என்னால், எவ்வளவு கொரோனாவால் என்று பிரித்துப் பார்க்க எந்தப் படிவமும் இல்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களே இருக்கும்போது கடன் முடிந்தது. உறுதியை வாங்க உம்மாவும் மகளும் வந்தார்கள். இந்தத் தடவை நான் எழும்பி இரண்டு கதிரை இழுத்துப் போட்டேன். உறுதியை உறையிலிருந்து எடுத்து ஹம்ஸியாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திறந்து தன்னுடைய பெயர் இருக்கிற இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மடித்தார்.

நான் நுஸ்ரத்திடம் சொன்னேன்: "மகள், அண்டைக்கு நான் ஒங்களுக்குச் சரியாச் செல்லல்ல. அதுக்கு மன்னிக்கணும்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். "ரெண்டு வருஷம் படிச்சன்தானே மிஸ். நீங்க அதுவும் படிக்கல்லையே."

குத்துவதற்காகச் சொன்னது இல்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தாள். அது இறங்கின இடம் எனக்குத்தான் தெரியும்.

பிறகு அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். விட்ட படிப்பை மூன்றாம் வருடத்திலிருந்து தொடரலாம் என்று அந்த நிறுவனம் எழுதியிருந்தது. வேலையை விடாமல், இரவில் இணையத்தில் படிக்கலாம். "இதுக்கு ஒரு கடன் கேக்கலாமா மிஸ்?"

இந்தத் தடவை என் மனம் எந்தக் கதிரையில் இருக்கிறது என்று பார்த்தேன். இருந்தது, என் கதிரையிலேயே, முன்னுக்குச் சாய்ந்துகொண்டு. "மகள், இந்தப் பட்டத்தால ஒங்கட சம்பளம் கூடாம இரிக்கலாம். கூடினாலும் கொஞ்சம்தான். இதே காச வேற படிப்புல போட்டா நல்ல வேல கெடைக்கும். இத விளங்கிக்கொண்டுதான் கேக்கிறீங்களா?"

"ஓம் மிஸ். என்ன வேலைக்கு எண்டு கேட்டா, இண்டைக்கும் எனக்கு வேற பதில் இல்ல."

அதற்குள் ஹம்ஸியா, இப்போதுதான் கைக்கு வந்த உறுதியை என் மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"தங்கச்சி, ஊடு வேணாம். இவட சம்பளத்துக்கே குடுக்கலாம், சின்னத் தொகைதான்" என்றேன். "அண்டைக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் செல்லல்ல. எல்லாம் விளங்கியும் ஏன் கையெழுத்து வெச்சீங்க? இப்ப ஏன் திரும்ப வெக்கிறீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இவ கேட்டுக்கொண்டு திரிஞ்ச கேள்வி, சின்ன வயசில நானும் கேட்டதுதான் மிஸ். என்ட உம்மா ஏசினா, அதோட உட்டுட்டன். இவ கொழும்பில இரிந்த நேரம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன்ல படிச்சத செல்லுவா. நம்மட ஊடு எப்படிப் பொம்புளட கைக்கு வந்த எண்டு ரெண்டு வருஷமும் சென்னா. இவ்வளவு காலம் போயும் அது ஏன் இன்னும் நம்மட கைய உட்டுப் போகாம நிக்கிது எண்டுறது மூணாம் வருஷம்தான் படிக்கிறாம். அதோட நிண்டு போச்சு. அஞ்சு வருஷமா நான் காத்துக்கொண்டு இரிக்கன். மிச்சம் எனக்குத் தெரியணும்."

அன்று பின்னேரம் படிவத்தை நானே நிரப்பினேன். ஆகக் குறைந்த சம்பளத்தைப் போட்டேன். திரை சிவப்பாகவே விழுந்தது. அவள் கட்டி முடித்த தவணைப் பட்டியலை இணைத்து, விண்ணப்பதாரி எல்லாம் அறிந்தே கேட்கிறார், வீடு பிணை இல்லை என்று எழுதி, சிவப்பிலேயே மேலே அனுப்பினேன். இரண்டு கிழமையில் அனுமதி வந்தது.

பிள்ளைகளே, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். சம்பளத்தைக் குறைத்தே போடுங்கள், ஆசையை அதோடு கூட்டாதீர்கள். ஒன்றையும் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆனால் மறுப்பதானாலும் கொடுப்பதானாலும், உறுதி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்கு முதலில் ஒரு கதிரை போட்டு, என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவருக்கு வேண்டியது என்னவென்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

எனக்கு இரண்டு கடிதங்கள் வந்த மாதத்தில், எங்கள் வீட்டு உறுதியும் உம்மாவின் பெயரில்தான் இருந்தது. நான் கணக்குப் பார்த்த நேரம் அவர் அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள இப்போது உம்மா இல்லை.